நாலு பேர் கூடினால் மட்டும் அணி ஆகிவிடாது: குமரி மாவட்டத்து இ-ஸ்போர்ட்ஸ் குழுக்களைப் பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளையாட்டுக் கழகம் இல்லாத ஊரைத் தேடிப் பிடிப்பது கடினம். தூத்தூர் வட்டாரத்துக் கடலோர ஊர்களில் கால்பந்தும், உள்நாட்டுக் கிராமங்களில் கைப்பந்தும் கபடியும் தலைமுறைகளாக ஆடப்பட்டு வருகின்றன. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஊர் மைதானத்தில் போட்டி நடக்கிறது. கழகம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆள் உண்டு, வரவுசெலவு நோட்டு உண்டு. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வளைகுடாவுக்குப் போகிறார் என்றால், அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே அவருடைய இடத்தில் யார் இறங்குவது என்று பேசி முடித்திருப்பார்கள். ஆனால் அதே ஊர்களின் அதே இளைஞர்கள் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளைக் கைப்பேசியில் ஆட அணி தொடங்கும்போது இதில் எதையும் நினைவில் கொள்வதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பெயர், ஒரு லோகோ, பேர் அச்சடித்த ஜெர்ஸி, இவ்வளவோடு அணி அமைந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். மூன்று மாதத்தில் அது கலைந்துபோகிறது.

கருங்கலுக்கு அருகே ஒரு வீட்டு மாடியறையில் அப்படித் தொடங்கிய ஓர் அணியை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நால்வரும் நல்ல ஆட்டக்காரர்கள். அவர்களுடைய விரல் வேகத்திலும் குறிபார்ப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் முதல் முயற்சி உடைந்தது. இரண்டாம் முறை எழுந்து நின்றது. இரண்டுக்கும் இடையில் அவர்களுடைய திறமை மாறவில்லை, அமைப்புதான் மாறியது. இ-ஸ்போர்ட்ஸ் அணியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆட்டத் திறமையைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதால், அந்த அமைப்பைப் பற்றி இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் பின்னணியைப் பார்த்துவிடலாம். 2022 டிசம்பரில் இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்று, அதை இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெறும் செயல்விளக்க ஆட்டமாக இருந்த இது, 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாகவே நடந்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து இயங்கும் ஸ்கைஎஸ்போர்ட்ஸ் போன்ற போட்டி நடத்துநர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ ஓர் அணி மேலே ஏறுவதற்குப் படிகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆனால் இந்த விளையாட்டுக்கும் கால்பந்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. கால்பந்துக்கு யாரும் உரிமையாளர் இல்லை. பந்தும் மைதானமும் இருந்தால் ஆடலாம். இ-ஸ்போர்ட்ஸில் ஆட்டமே ஒரு நிறுவனத்தின் சொத்து. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா), 2022 ஜூலை 28 அன்று செயலி அங்காடிகளிலிருந்து நீக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் அந்த ஆட்டத்தின் பெரிய போட்டியொன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகி முடிந்திருந்தது. பிறகு 2023 மே மாத இறுதியில் மீண்டும் வந்தது. ஃப்ரீ ஃபயர் என்ற இன்னோர் ஆட்டம் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளானது. பி.ஜி.எம்.ஐ. இல்லாத அந்தப் பத்து மாதங்களில் நாடு முழுவதும் எண்ணற்ற சிறிய அணிகள் மறைந்துபோயின. நிலைத்தவை, ஆட்டம் இல்லாதபோதும் ஒன்றாக இருக்கக் காரணம் வைத்திருந்த அணிகள். ஆட்டத்தின் பெயரை அணியின் பெயரோடு ஒட்டிவைக்கக் கூடாது என்பதும், ஆள்களுக்கிடையே உள்ள ஏற்பாடுதான் அணி என்பதும் அந்த அனுபவம் தந்த பாடங்கள்.

எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. வேலரண்ட் போன்ற கணினி ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேரிடமும் தகுந்த கணினி வேண்டும். நம் மாவட்டத்தில் இளைஞர் கையில் ஏற்கெனவே இருப்பது கைப்பேசி. எனவே தொடக்கத்தில் பி.ஜி.எம்.ஐ. போன்ற கைப்பேசி ஆட்டமே இயல்பான தேர்வு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நால்வரின் கைப்பேசிகளில் மிகவும் பலவீனமானது எதுவோ அதுதான் அணியின் தரம். மூன்றாவது ஆட்டத்தில் சூடேறித் திணறும் கைப்பேசியை வைத்திருப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஆறாவது ஆட்டத்தில் அவரை நம்ப முடியாது. சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் சூடு இன்னும் ஏறும்; ஆட்டங்களுக்கு இடைவேளை இருக்கும்போது சார்ஜ் ஏற்றி, ஆடும்போது இணைப்பை எடுத்துவிடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

பொறுப்புகளைப் பிரிப்பதற்கு வருவோம். அணியில் நால்வர், ஆட்டத்தின்போது முடிவெடுத்துச் சொல்பவரை ஐ.ஜி.எல். (இன்-கேம் லீடர்) என்பார்கள். முன்னால் பாய்ந்து சண்டையைத் தொடங்குபவர் ஒருவர், அவருக்குத் துணையாக நிற்பவர் ஒருவர், தொலைவிலிருந்து சுடுபவர் ஒருவர். பெரும்பாலான புதிய அணிகளில் நடப்பது என்னவென்றால், அதிகமாகச் சுட்டு வீழ்த்துபவரையே தலைவராக்கிவிடுகிறார்கள். இது தவறு என்பதைப் புள்ளிக்கணக்கே காட்டிவிடும். பி.ஜி.எம்.ஐ.-யின் பெரிய போட்டிகளில் 16 அணிகள் ஒரே லாபியில், அதாவது ஒரே களத்தில், மோதும். கடைசிவரை வீழாமல் நிற்கும் அணிக்கு முதலிடம். முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்து 6, 5, 4, 3, 2, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒவ்வொரு புள்ளி, ஒன்பதாவதிலிருந்து ஒன்றுமில்லை. வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு புள்ளி.

ஒரு நாளில் ஆறு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஆறு பேரை வீழ்த்தி முதலிடம் பெறுகிறது. அது 16 புள்ளி. மற்ற ஐந்திலும் ஒருவரை மட்டும் வீழ்த்திவிட்டு முன்னதாகவே வெளியேறுகிறது, மொத்தம் 21. இன்னோர் அணி ஒரு தடவைகூட முதலிடம் வரவில்லை. ஆனால் ஆறு ஆட்டத்திலும் மூவரை வீழ்த்தி நான்காமிடம் பெறுகிறது. ஆட்டத்துக்கு 7 வீதம் 42 புள்ளி. அந்த ஒற்றை வெற்றியின் ஸ்க்ரீன்ஷாட்டை ஊரெல்லாம் பகிர்வார்கள், ஆனால் அடுத்த சுற்றுக்குப் போவது இரண்டாவது அணிதான். இந்த வேறுபாட்டைப் பொறுமையாகக் கணக்கிட்டு, எங்கே சண்டையைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லக்கூடியவரே ஐ.ஜி.எல். ஆக இருக்கத் தகுதியானவர். கருங்கல் அணியில் அது நால்வரில் மிகக் குறைவாகச் சுடுபவராக இருந்தார். அவருடைய சொல்லை மற்ற மூவரும் ஏற்க இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்தது மொழி. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். ஆட்டத்தில் தகவல் சொல்ல ஒரு விநாடிக்குமேல் கிடைக்காது. முதல் அணி உடையக் காரணமான சண்டைகளில் ஒன்று இப்படித் தொடங்கியது. ஒருவர் "மேல ஒருத்தன் நிக்கான்லே" என்றார். தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருவர் அதை மாடி என்று எடுத்துக்கொண்டு படியில் ஏறினார். சொன்னவரோ பின்னாலிருந்த குன்றைக் குறிப்பிட்டார். ஏறியவர் முதுகில் சுடப்பட்டு விழுந்தபின், "எந்த மேல மக்கா?" என்று கேட்ட கேள்வி அன்றிரவு முழுவதும் சண்டையாக ஓடியது. நம் ஊர்ப் பேச்சில் மேல என்பது மாடியாகலாம், மேடாகலாம், மேற்காகவும் ஆகலாம். மேலத்தெரு, கீழத்தெரு என்று நாம் சொல்வது திசையைத்தானே. விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்த சொற்கள் வேறு புகும்.

இரண்டாம் முறை அவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இரண்டு பக்கத்தில் சொற்பட்டியல் எழுதினார்கள். வீட்டுக்குள் உயரத்தில் இருந்தால் மாடி. வெளியே உயரத்தில் இருந்தால் மேடு. மேல என்ற சொல்லே கூடாது. திசைக்குத் திரையின் மேற்பகுதியில் தெரியும் பாகை எண்ணை மட்டும் சொல்வது. அதையும் "இருநூற்று நாற்பது" என்று முழுதாகச் சொல்லாமல் "டூ ஃபார்ட்டி" என்று சொல்வது, ஏனெனில் அது பாதி நேரத்தில் முடிந்துவிடும். முதலில் திசை, பிறகு தொலைவு, பிறகு எத்தனை பேர். இந்த வரிசை மாறக் கூடாது. விழுந்தவர் தனக்குத் தெரிந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாருக்கும் கடினமாக இருந்தது, ஏனென்றால் விழுந்தவருக்கு ஆத்திரம் இருக்கும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றினாலும், பயிற்சி ஆட்டங்களில் அவர்கள் அடைந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு பக்கத்திலிருந்து வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இணைய இணைப்பைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நூறு எம்.பி.பி.எஸ். வேகமுள்ள இணைப்பு எடுத்தால் ஆட்டம் சீராகும் என்று நினைக்கிறார்கள். ஆட்டத்துக்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவு. முக்கியமானது பிங், அதாவது நம் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பையில் உள்ள ஒரு சர்வருக்குப் போய்வர எப்படிப் பார்த்தாலும் 13 மில்லி விநாடிக்குக் குறையாது. கம்பி நேர்கோட்டில் போவதுமில்லை, வழியில் கருவிகளும் உண்டு என்பதால் உண்மையில் அதைவிடப் பல மடங்கு ஆகும். இந்தத் தொலைவை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தொலைவு அன்று, ஏற்ற இறக்கம். எப்போதும் 60 என்று நிற்கும் இணைப்பில் ஆடப் பழகிவிடலாம். 40-க்கும் 200-க்கும் இடையில் தாவும் இணைப்பில் யாராலும் ஆட முடியாது.

அந்தத் தாவலுக்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கும். கருங்கல் அணியில் ஒருவருக்குத் தினமும் இரவு பத்து மணிக்குப் பிங் எகிறியது. இணைப்புக் கொடுத்த கேபிள் ஆபரேட்டரிடம் இரண்டு முறை முறையிட்டார்கள். அவர் வந்து வயரை மாற்றியும் தீரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது: சவூதியில் வேலை பார்க்கும் அவருடைய அப்பா வேலை முடிந்து அறைக்கு வந்து வீடியோ அழைப்பில் பேசுவது நம் நேரப்படி பத்து மணிக்கு; அங்கே அப்போது ஏழரை. அதே வைஃபையில் அம்மாவும் தங்கையும் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அழைப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. அவர்கள் பயிற்சியை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் மாற்றிக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இதே நிலைதான் என்பதால், நேர அட்டவணை போடுவதற்கு முன் நால்வர் வீட்டிலும் யார் எப்போது இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டறிவது நல்லது.

மழையைக் கணக்கில் எடுக்காமல் இங்கே எந்த ஏற்பாடும் நிற்காது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. காற்றில் தென்னை மட்டை விழுந்தாலோ ரப்பர் மரக்கிளை முறிந்தாலோ மின்கம்பியும் இணையக் கம்பியும் சேர்ந்தே அறுபடும். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கி புயலுக்குப் பின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாதாரண மின்தடைக்கு, மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மட்டும் பொருத்தும் சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். ஒன்று சில மணி நேரம் தாங்கும். அதோடு, நால்வரில் இருவராவது வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பதும், போட்டிக்கு முன்பே அந்தச் சிம்மின் பிங்கைச் சோதித்து வைப்பதும் அவசியம்.

நேரம் என்பது வீட்டாரின் நம்பிக்கையோடு சேர்ந்த விஷயம். ஓர் ஆட்டம் அரைமணி நேரம் வரை போகும். ஆறு ஆட்டமும் இடைவெளியும் சேர்ந்தால் நான்கு மணி நேரம். 2023-இல் பி.ஜி.எம்.ஐ. மீண்டும் வந்தபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைக்கப்பட்டது. பள்ளி மாணவர் ஒருவரை அணியில் சேர்த்துக்கொண்டு நீண்ட பயிற்சி திட்டமிடுவது அதனாலேயே பொருந்தாது. என் கருத்தில், புதிய அணிக்கு வாரம் ஐந்து நாள் பயிற்சி போதும். அதிலும் ஒரு நாள் ஆடாமல், பதிவான ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பதற்கு மட்டும். செமஸ்டர் தேர்வுகள், டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, கிறிஸ்துமஸ் வாரம் ஆகியவற்றை நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவிட வேண்டும். திருவிழா இரவில் ஆள் வராவிட்டால் அதற்காகக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை; அதைத் திட்டமிடாமல் விட்டதுதான் பிழை.

இனி பணம். அணிகள் உடைவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். பரிசு கிடைக்கும் முன்பு பங்கீட்டைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். கிடைத்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். கருங்கல் அணி இரண்டாம் முறை எழுதிய பக்கத்தில் கணக்கு எளிமையாக இருந்தது: வரும் பரிசை ஐந்தாகப் பிரித்து, நால்வருக்கு ஒவ்வொரு பங்கு, ஐந்தாவது பங்கு பொதுப்பணம். மாற்று ஆட்டக்காரர் ஆடிய நாளில் அவருடைய பங்கு அந்த நாளுக்கு உரியது. பொதுப்பணத்தை வைத்திருப்பவரும் செலவை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இது எந்த ஊர்க் கழகமும் அறிந்த விதி. பரிசுத் தொகையில் வரி பிடித்தம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. இணைய விளையாட்டில் வெல்லும் பணத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி இருக்கிறது. போட்டி நடத்துபவர் எந்த அடிப்படையில் எவ்வளவு பிடிக்கிறார் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம். பணம் யாருடைய பான் எண்ணில் வருகிறதோ அவருடைய கணக்கில்தான் அது வருமானமாக நிற்கும்.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் அவர் சார்பில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்காகப் போகும் அந்தச் சந்திப்பு இன்னொரு வகையிலும் பயனுள்ளது. பையன் இரவில் யாரோடு, எதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்றுதான் முதன்முதலாகத் தெளிவாகும். கொஞ்சம் வளர்ந்த அணி தன்னைச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏற்கெனவே பதிவான ஊர்க் கழகத்தின் ஒரு பிரிவாக இணைவது அதைவிட எளிது. நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஒரு சட்ட விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கிறது. பணம் கட்டிப் பணம் வெல்ல எதிர்பார்க்கும் இணைய ஆட்டங்களைத் தடுக்கிறது. இ-ஸ்போர்ட்ஸில் பதிவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டணம் போட்டியில் சேர்வதற்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டுமானதாக இருக்க வேண்டும், பந்தயம் இருக்கக் கூடாது, போட்டி உரிய முறையில் அங்கீகாரமும் பதிவும் பெற்றிருக்க வேண்டும். இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் "எண்ட்ரி ஐம்பது ரூபாய், ஜெயிச்சா ஐந்நூறு" என்ற வகைப் போட்டிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஆள்களிடம் வாங்கிய பணத்தையே ஒன்றாகச் சேர்த்து வென்றவருக்குக் கொடுப்பது, தடைக்குள் வரக்கூடிய ஏற்பாடு. பண ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. ஆர்வத்தில் இப்படிப் போட்டி நடத்தும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் இதை அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. கட்டணமில்லாத பயிற்சி லாபிகளிலும், ஆட்ட நிறுவனமோ அறியப்பட்ட நடத்துநரோ நடத்தும் திறந்த தகுதிச் சுற்றுகளிலும் மட்டும் ஆடுவது என்ற தீர்மானத்தை அணி முதல் வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

ஏமாற்று மென்பொருள் பற்றிய விதியும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா என்ற அணியின் ஆட்டக்காரர் ஒருவர் ஏமாற்று மென்பொருளோடு மேடையிலேயே பிடிபட்டார். அணி தகுதியிழந்தது, பின்பு கலைக்கப்பட்டது. தவறு செய்யாத மற்ற நால்வரும் சேர்ந்தே அந்த விலையைக் கொடுத்தார்கள். ஆகவே ஒருவர் ஒருமுறை பயன்படுத்தினாலும், அது பயிற்சி ஆட்டமாகவே இருந்தாலும், அன்றே நீக்கம் என்பதை முன்கூட்டி எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்வதுதான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

கடைசியாக, ஆள் விலகுவது. நம் மாவட்டத்தில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். விசா வந்துவிடும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துவிடும், திருவனந்தபுரத்தில் மேற்படிப்பு அமைந்துவிடும். போட்டிகளில் அணியின் பதிவு பெரும்பாலும் ஒருவருடைய மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் இருக்கும். அவர் போய்விட்டால், அணி பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் டிஸ்கார்ட் சர்வரும் யூடியூப் சேனலும் பதிவும் அவரோடு போய்விடும். எத்தனை பேர் மாறினால் அணியின் ஸ்லாட் (போட்டியில் அதற்குள்ள இடம்) பறிபோகும் என்பதைப் போட்டி விதிகளில் தேடிப் படித்து வைப்பதும் அணி மேலாளரின் வேலை. கருங்கல் அணியின் முதல் ஐ.ஜி.எல். கத்தாருக்குப் புறப்பட்டபோது, விமானத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை மாடியறைக்கு வந்தார். அணிக்கென்று தனியாகத் திறந்திருந்த மின்னஞ்சலின் மீட்பு எண்ணைத் தம்முடையதிலிருந்து பொருளாளரின் எண்ணுக்கு மாற்றினார். பிறகு நோட்டைத் திறந்து, பி.ஜி.எம்.ஐ.-யின் எராங்கல் என்ற வரைபடத்தில் எந்தெந்த இடத்தில் எப்போது சண்டையைத் தவிர்த்தார், ஏன் தவிர்த்தார் என்று ஏழு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர், ஆறு மாதமாக மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்து, ஹெட்செட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி.